மூன்றாவது பாலம்

தையல்காரரின் மனைவி என் கடைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார். ரகசியமாக விலை குறைக்கக் கேட்பவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். நான் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டேன்.

"குறைக்கணும் தம்பி."

"கம்ப்யூட்டர் பழுது பாக்குறவன் கூலியில குறைக்க என்னக்கா இருக்கு?"

"கூலியை யார் கேட்டா? படகைக் குறைக்கணும். படகோட வேகத்தை."

படகு என்றால் விளையாட்டுப் படகு. ஆற்றில் பாறைகளுக்கு நடுவே ஓட்டிப் பாலம் பாலமாகத் தாண்ட வேண்டும். தையல்காரர் தன் கடையில் இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரில் அதை வருஷக்கணக்காக ஆடியவர். வாடிக்கையாளர் அளவு கொடுக்க நின்றாலும், படகு பாலத்தைத் தாண்டிய பிறகுதான் டேப்பை எடுப்பார். அந்தக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. வாங்கிய புது லேப்டாப்போ, படகை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. பழைய கம்ப்யூட்டரைப்போல நடிக்கும் ஒரு புரோகிராமைப் போட்டு, அதற்குள் விளையாட்டைக் குடிவைத்தது நான்தான். அதில் வேகத்துக்கு ஓர் எண் உண்டு. விளையாட்டில் கூடவே ஓடும் பாட்டின் தாளம் சரியாக வரும்வரை அந்த எண்ணை ஏற்றி இறக்கி, அப்பழுக்கில்லாமல் கொடுத்திருந்தேன்.

"உன்னைத்தான் திட்டுறார். புது மெஷின் தலைதெறிக்க ஓடுதாம்."

"பழைய வேகம்தானேக்கா அது."

"எனக்குத் தெரியாதா?" அக்கா கதவைப் பார்த்தபடி பேசினார். "படகு எப்பவும் போலத்தான் போகுது. அவர் கைதான்..."

தையல்காரர் பக்கவாதம் வந்து தேறியவர். நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, நக்கல் போகவே இல்லை. வலது கை மட்டும் கூப்பிட்ட பிறகு யோசித்து வந்தது. மூன்றாவது பாலத்தைத் தாண்டினால் தையல் கடையைத் திறப்பது, தாண்டாவிட்டால் தையல் மெஷின்களை விற்றுவிடுவது என்று தனக்குத்தானே ஒரு பந்தயம் வைத்திருந்தார். வாங்க ஆளும் தயார்.

"கடைக்குப் போனா ஆளு பிழைச்சுக்குவார் தம்பி. வீட்டுல சுவரைப் பாத்துக்கிட்டே இருக்கார்."

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். லேப்டாப், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெட்டுமேசை மேல் இருந்தது.

"வாடா. படகு ஓட்டத்தான் கேட்டேன், ராக்கெட்டை மாட்டிவிட்டுட்டுப் போயிருக்கே."

"சின்னத் தப்புண்ணே. இப்பவே சரி பண்ணிடறேன்."

எண்ணைப் பாதியாக்கினேன். பாட்டும் பாதி வேகத்தில் தூக்கக் கலக்கத்தில் பேசுபவனைப்போல இழுத்தது. சட்டென்று ஒலியை அணைத்தேன்.

"பாட்டு எங்கே?"

"இந்த மெஷினுக்கும் அதுக்கும் ஒத்துப்போகலண்ணே."

"உனக்கும் உழைப்புக்கும் போலவா?"

ஆடத் தொடங்கினார். பாட்டில்லாமல் அவருக்கு ஆட வராது. தானே முனக ஆரம்பித்தார். முதல் பாலம் போனது. இரண்டாவது போனது. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு மூன்றாவது பாலத்தின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.

"தாண்டிட்டீங்க," என்றார் அக்கா.

தையல்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பாலத்துக்கு ஒரு தடவை பாட்டு முடியும்," என்றார் மெதுவாக. "மூணு தடவை பாடியிருக்கணும். ஆறு தடவை பாடிட்டேன்."

நான் சார்ஜர் ஒயரைச் சுற்றத் தொடங்கினேன்.

"எவ்வளவுடா குறைச்சே?"

"கொஞ்சம்தாண்ணே."

"உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா?"

"பாதி."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கோபக்காரரிடம் பேரம் பேசுவது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால்குடிக்கும்போதே வந்த வித்தை.

"பழையபடி வை. பாட்டையும் போடு."

வைத்தேன். துள்ளிக்கொண்டு வந்தது பாட்டு. முதல் பாலத்துக்கு முன்பே படகு பாறையில் மோதியது. மறுபடி ஆடினார், அதே பாறை. மறுபடியும் அதே பாறை. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆளை வரச் சொல்லு," என்றார் மனைவியிடம்.

"கொஞ்ச நாள் பொறுங்களேன். பழகப் பழக வந்துடும்."

"எவன் துணியை வெட்டிப் பழகச் சொல்றே?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"எப்படி வெச்சுட்டுப் போகட்டும்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் இடது கையால் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

"பாதியிலேயே வை. பாட்டு இருக்கட்டும். இழுத்தா இழுக்கட்டும்."

நான் எண்ணை மாற்றிக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் அக்கா போனில் பேசுவது கேட்டது. எல்லாம் நல்ல மெஷின்தான், எண்ணெய் விட்டுத் துடைத்துத்தான் வைத்திருக்கிறோம் என்றார். அந்தப் பக்கம் விலை கேட்டிருப்பார்கள் போல.

"விலையை நீங்களே சொல்லுங்க," என்றார்.