ஆற்றோர மூலையின் மண்

ஹெலிக் பார்க் ரக்பி மைதானத்தின் புல்லை உரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே டெலித் ஒரு வாளியையும் பூச்செடிக்கு மண் அள்ளும் கரண்டியையும் கொல்லைக் கதவருகே எடுத்து வைத்துவிட்டாள். இனி அங்கே செயற்கைப் புல். பழைய மண்ணை லாரியில் ஏற்றிப் புதுச் சாலைக்கு அடியில் கொட்டிவிடுவார்களாம். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, வேண்டியவர்கள் வந்து ஆளுக்குக் கொஞ்சம் புல் எடுத்துப் போகலாம் என்று கிளப் அறிவித்திருந்தது.

டெலித்துக்குப் புல் வேண்டாம். அவள் புருஷன் மெய்ரிக் அந்த மண்ணில் இருந்தான்.

அவன் கேட்டுக்கொண்டபடி அவனுடைய சாம்பலைக் கைப்பையில் மறைத்துக் கொண்டுபோய், ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் ஆற்றோர மூலையில் தூவியிருந்தாள். சாம்பல் பட்டால் புல் கருகும் என்று கிளப் தடை போட்டிருந்ததால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடல் கடந்து வந்து யாரிடமும் தோற்காமல் சுற்றிக்கொண்டிருந்த அணியை இந்த நகரம் ஒரு தடவை தோற்கடித்ததே, அன்று மெய்ரிக் பந்தோடு பாய்ந்து விழுந்து வெற்றிப் புள்ளி எடுத்தது அந்த மூலையில்தான். தெற்கு வேல்ஸில் அந்த மூலையைத் தெரியாதவர்கள் கிடையாது.

டெலித் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அப்போதெல்லாம் ஆட்டக்காரர்களின் மனைவிகளுக்கு, பார்வையாளர்கள் உட்காரும் மரக் காலரிக்கு அடியில் இருந்த சமையலறைதான் இடம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, மேலே பலகை அதிர்வதை வைத்து ஆட்டத்தைத் தெரிந்துகொள்வார்கள். அன்று காலரி மொத்தமும் குதித்ததில் கூரையிலிருந்து தூசி கொட்டியது. டெலித் வெண்ணெய்ச் சட்டியின் மேல் கவிழ்ந்து அதைக் காப்பாற்றினாள். ஊரே பார்த்ததை அவள் இப்படித்தான் தவறவிட்டாள்.

பிறகு மெய்ரிக் அதைச் சாப்பாட்டு மேசையில் காட்டினான். உப்புக் குப்பி மூலைக் கொடி, சாஸ் குப்பி எதிராளி, அவன் விரல் அவன். புரிந்த பிறகும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் மேசையில் உட்கார்ந்திருப்பான். ஆனால் சனிக்கிழமையில் மட்டும் அவன் தனியாக வீட்டுக்கு வந்ததே இல்லை. "டெல், நாலு பேர் வந்திருக்காங்க, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?" என்ற குரல்தான் கதவைத் திறக்கும். ஆட்டத்தை விட்ட பிறகும் அப்படித்தான். மரக் காலரியை இடித்து கான்கிரீட் காலரி கட்டியபோது, பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டான். "வெண்ணெய் வாசம் இல்லாம எனக்கு ஆட்டம் புரியாது" என்று அவள் போகவில்லை. அந்த வீம்பு இப்போது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு சனிக்கிழமையாவது தன்னோடு மட்டும் இருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை தூறலில் மைதானம் திருவிழாவாக இருந்தது. கூட்டமெல்லாம் நடுவிலும் கோல் கம்பங்களின் அடியிலும் வெட்டிக்கொண்டிருந்தது. டெலித் ஓரமாக நடந்து ஆற்றோர மூலைக்குப் போனாள். அங்கே கறிக்கடை எலிஸின் விதவை டெக்வென் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா.

"என்னடி, புல்லுக்கா வந்தே?" என்றாள் டெக்வென்.

"ஆமா. நீ?"

"புல்லுக்குத்தான்."

"புல்ல உதறிட்டு மண்ண அள்ளுறியே."

டெக்வென் டப்பாவை மூடினாள். பிறகு மெதுவாக, "எலிஸ் இங்கதான் இருக்காரு. வெளிய சொல்லிடாத" என்றாள்.

டெலித் குனிந்து தரையைப் பார்த்தாள். "இது மெய்ரிக் இருக்கிற இடம்."

"அவன் விழுந்த இடத்துலதான் என்னையும் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நான் என்ன பண்ண?"

பின்னால் ஒருவர் கனைத்தார். சூப்புப் பானையோடு நின்ற நெட்டையான ஆள், பழைய பஸ் கண்டக்டர் ஹெத். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்கப்பாவ மிதிக்கிறீங்க."

மைதானத்தைப் பராமரிக்கும் ஈவோர் தள்ளுவண்டியோடு வந்தான். மூவரையும் மூன்று பாத்திரங்களையும் பார்த்தான்.

"இந்த மூலையில புல்லே பிடிக்க மாட்டேங்குதுன்னு வருஷா வருஷம் விதை தூவுறேன். கிளப்ல என்னத்தான் திட்டுறாங்க."

"உனக்குத் தெரியாதா?" என்றாள் டெக்வென்.

"தெரியாம என்ன ஆன்ட்டி. பாதி ஊரு இங்கதான் படுத்திருக்கு. கோடு போடுறப்ப, மன்னிச்சிக்கோங்கப்பான்னு சொல்லிட்டுத்தான் போடுவேன்."

டெலித் கேட்டாள்: "மெய்ரிக் மட்டும் எந்த இடம்னு சொல்ல முடியுமா, ஈவோர்?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மழை கலக்கிருச்சு, நான் கிளறிக் கலக்கிருக்கேன், ஆடுறவங்க விழுந்து புரண்டு கலக்கிருக்காங்க. இனிமே பிரிக்க முடியாது டெலித் ஆன்ட்டி."

காலி வாளி கையில் திடீரென்று கனத்தது. எங்கே போனாலும் கூட்டம் சேர்த்துக்கொள்கிறவன், போன பிறகும் சேர்த்துக்கொண்டுவிட்டான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். வேலிக்கு அப்பால் லாரிகள் வரிசையாக நின்றன. அவள் மண்டியிட்டாள். மண் குளிர்ந்து, கறுத்து, விரலில் ஒட்டியது.

"எலிஸும் கொஞ்சம் என் வாளியில வந்துடுவாரு. பரவாயில்லையா?"

"சனிக்கிழமையில அவரு என்னிக்கு எங்க வீட்டுல சாப்பிட்டாரு, உங்க வீட்டுலதானே, போ" என்றாள் டெக்வென். சிரிக்கத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் வாளியை மெய்ரிக்கின் நாற்காலியில் வைத்தாள். இரண்டரை மணி. ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஆட்டமே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. உப்புக் குப்பியை மேசையின் மூலைக்கு நகர்த்தி வைத்து, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சனிக்கிழமதானே கேட்டேன், மெய்ரிக்" என்றாள்.

தேநீருக்கு எழுந்தாள். சின்னக் கெண்டியில் பாதி தண்ணீர் பிடித்தவள், அதைக் கொட்டிவிட்டு, முக்காலி மேல் ஏறி, மேல் தட்டிலிருந்து, சனிக்கிழமைகளில் மட்டும் எடுக்கும் பெரிய கெண்டியை இறக்கினாள்.