இரண்டு பக்கமும் மெஷினே ஆடிய ஆட்டம்

1.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வேரோனிக்கா அக்கா. எழுதச் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன், அதுவும் ஆறாவது தடவையாக.

முதல் தொடக்கம்: "1996 மாசி. ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம்..." (விட்டுவிட்டேன். பனியில் தொடங்கும் கதைகள் இந்த ஊரில் ஏராளம்.)

இப்படித் தொடங்கலாம். அக்காவின் தம்பி பஸ்ரியன் ஐந்து மணிக்குள் ஏஜென்சிக்காரரிடம் ஒரு பெயர் சொல்லவேண்டும். அண்ணன் இக்னேசியஸும் கடைசித் தம்பி ஜெனோசனும் கொழும்பில் ஒரு லொட்ஜில். வியாழக்கிழமை அவர் களவாகக் கனடாவுக்குக் கூட்டிவரும் ஆட்களில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம் மிச்சம்.

முதலில் அந்தோனியார் படத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போடத்தான் பார்த்தான். சுருட்டும்போதே எது யாருடையது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. கிழித்துப்போட்டான்.

2.

பிறகு டீவியில் வீடியோ கேம் பெட்டியைப் போட்டான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல். நீல அணி அண்ணனுக்கு, சிவப்பு தம்பிக்கு. திரையில் கொன்ட்ரோலர் அடையாளத்தை எந்த அணிக்கும் கொடுக்காமல் இரண்டுக்கும் நடுவில் விட்டால் இரண்டு பக்கமும் மெஷினே ஆடும். மனிதக் கை படாது.

"என்னடா, விளையாடாமல் வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"வெல்லுற ஆள் வருவார், அக்கா."

"எங்கட பெடியளின்ர சீவியத்தை உந்தப் பெட்டியிட்டையே கேக்கிறாய்? விசரா உனக்கு?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. ஆரைக் கூப்பிடுறது?"

அக்கா குசினிக்குள் போய்விட்டார். [இங்கே அவர் அழுததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வெங்காயம் உரித்தேன் என்றுதான் என்னிடம் சொன்னார்.]

3.

கடைசி நிமிடம். ஓர் அணி நான்கு புள்ளி பின்னால். அக்கா திரும்பி வந்தபோது பஸ்ரியனின் பெருவிரல் பொத்தானில் இருந்தது. நடுவில் இருந்த அடையாளம் நடுவில் இல்லை.

"கை வைச்சிட்டாய்."

"ஓம்."

"எந்தப் பக்கம்?"

அவன் டீவியை நிறுத்தினான்.

எந்தப் பக்கம்? எழுதிப் பார்த்தேன்.

(அ) நீலம். சண்டைக்குள் கிளாலிக் கடலேரியைக் கடக்கையில், இடமில்லாத வள்ளத்தில் இவனை ஏற்றிவிட்டுக் கரையில் நின்றவன் அண்ணன்.

(ஆ) சிவப்பு. தம்பிக்குப் பதினேழு. ஆமிக்காரர் செக்பொயின்றில் பஸ்ஸால் இறக்கிப் பிடித்து வைக்கிற வயது.

(இ) பஸ்ரியனுக்கு உண்மையில்

(இந்த வசனத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

4.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கப் போன் அடித்தது. ஏஜென்சிக்காரர்.

"தம்பி, பேரைச் சொல்லும். எனக்கு வேற ஆக்களுக்கும் எடுக்கவேணும்."

அவன் சொன்னான். பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கேட்டது. என்ன பெயர் என்று என்னிடமும் சொல்லத்தான் வெளிக்கிட்டார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். தெரிந்தால், லொட்ஜில் மிஞ்சியவனைப் பற்றி எழுதவேண்டிவரும்.

இதை வாசித்த உங்களுக்கு ஒரு பெயர் எப்போதோ தோன்றியிருக்கும். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.