எபர்சோல் பெட்டி

அன்று லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். பழைய டோக்கன் சேகரிப்பவர்கள் சங்கத்தின் செயலாளர் நோரீன் ஃபால்க். ஓய்வுபெற்ற சர்வேயர் லீலண்ட் எபர்சோல். அவருடைய தங்கை ஆர்வில்லா. சோளப் பண்ணைக்காரர் ஹார்லன் டட்டில். இண்டியானாவிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த டாயில் புரூவெட். மற்ற உறுப்பினர்கள் பனிக்குப் பயந்து வீட்டைவிட்டு அசையவில்லை. அப்போது தாங்களும் அங்கே இருந்ததாக டன்னிங்ஸ் ஃபோர்டு ஊரில் இன்று பலர் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். காபியும் ஆப்பிள் பை பலகாரமும் முடிந்து, மேசையில் பச்சைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும். அது கைமாறி மேசையைச் சுற்றி வரும். வாங்குகிறவர் இரண்டு பக்கமும் பார்த்து ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். சும்மா தள்ளிவிடுவது மரியாதையில்லை.

லீலண்டுக்குக் காசிலோ டோக்கனிலோ பெரிய ஆசை கிடையாது. அப்பா ஓர்லோ இறந்த பிறகும் அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. எபர்சோல் வீட்டு நாற்காலி காலியாகக் கிடந்தால் அதைச் சுற்றி என்ன பேச்சு நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் முதுகை நிமிர்த்தி அங்கே உட்கார்ந்திருக்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அடுத்து டாயிலின் முறை. பருத்த உடம்பு, எப்போதும் சிரிப்பு. பழைய டோக்கனையும் காசையும் சோதித்து, தரத்துக்கு ஓர் எண் கொடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டித் தரும் கம்பெனிகள் உண்டு அல்லவா? பெரியவை நிலைத்தன. இடையில் எத்தனையோ பேர் சமையலறையிலும் கார் கொட்டகையிலும் அப்படிக் கம்பெனி தொடங்கி, ஒன்றிரண்டு வருடத்தில் கடையைக் கட்டினார்கள். டாயில் சேர்ப்பது அந்தச் செத்த கம்பெனிகளின் பெட்டிகளை.

"உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்குறதே இல்ல. எனக்கு பிளாஸ்டிக்தான் உசுரு. பழத்தைத் தூக்கிப் போட்டுட்டுத் தோலைப் பொறுக்குற ஆளுன்னு எம்பொண்டாட்டி சொல்லுவா."

"அவங்க இன்னும் உங்ககூடத்தான் இருக்காங்களா?" என்றாள் நோரீன்.

"பாதி நாள் இருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். டாயில் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இதைப் பொறந்த வீட்டுக்கே கூட்டிட்டு வந்திருக்கேன். ஒரு செத்தவர் வீட்டு ஏலத்துல கெடச்சது. இந்தக் கம்பெனி பெட்டி இது ஒண்ணுதான் வெளியில இருக்கு. எனக்குத் தெரிஞ்சு வேற எவன்கிட்டயும் இல்ல."

மேசையின் மறுமுனையிலிருந்தே லீலண்ட் அந்த நீல லேபிளைப் பார்த்துவிட்டார். காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த நீலத் தாளை அப்பாவுக்கு அச்சகத்திலிருந்து வாங்கிவந்து கொடுத்ததே அவர்தான்.

நோரீன் லேபிளைப் படித்தாள். சிரிப்பு அடங்கிற்று. "நல்ல செம்பு," என்று மட்டும் சொல்லி ஹார்லனிடம் நீட்டினாள்.

ஹார்லன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியை விளக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். மூலையில் அறையைச் சூடேற்றும் பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது.

"இது எங்க காசு," என்றார் ஹார்லன். "எங்க காசுக்குன்னு குடுத்த பெட்டி. உள்ள இருக்கிறது எங்களுது இல்ல."

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். டாயிலுக்கு மட்டும் புதிது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சில்லறை கிடைக்காமல் கடைக்காரர்கள் தாங்களே செப்பு டோக்கன் அடித்து வெளியிட்டார்கள். டன்னிங்ஸ் ஃபோர்டின் பெக்வித் மருந்துக்கடை அடித்ததில் ஒன்று ஹார்லனின் அப்பா வெர்ன் உழும்போது நிலத்திலிருந்து வந்தது. கலப்பைக் கொழு பட்டு அதன் விளிம்பில் ஒரு வடு. ஓர்லோ எபர்சோல் வீட்டுச் சமையலறையில் கம்பெனி தொடங்கியபோது வெர்ன் அதைக் கொடுத்தார். திரும்பி வந்த பெட்டியில் வடு இல்லை. எழுபதுக்கு அறுபத்து நான்கு என்ற உயர்ந்த எண் இருந்தது. "நல்லதை வச்சுக்கிட்டு எதையோ போட்டுக் குடுத்துட்டான் திருடன்," என்று வெர்ன் ஊர் முழுக்கச் சொன்னார். பெட்டியைத் திறந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று பின்பக்கம் அச்சடித்திருந்ததால் திறக்கவும் இல்லை. ஆத்திரத்தில் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஓர்லோவிடம் டோக்கன் கொடுக்க யாரும் வரவில்லை. கம்பெனி படுத்தது.

ஓர்லோ கடைசிவரை ஒரு பதிலும் சொல்லவில்லை. பழிக்குப் பதில் சொல்வது மானக்கேடு என்று அப்பா நினைத்தார் என்றே லீலண்ட் இத்தனை காலம் நம்பினார். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார். ஆனால் விடியற்காலையில் சில நாள் விழிப்பு வரும். ஒருவேளை உண்மையாக இருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொள்வார்.

பெட்டி ஆர்வில்லாவிடம் வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. "அழகா இருக்கு," என்று அண்ணனிடம் தள்ளினாள். கைக்கு வந்த எதையும் ஆர்வில்லா பார்க்காமல் தள்ளி லீலண்ட் கண்டதில்லை. அவள் நாற்பது வருடம் அறுவைசிகிச்சை நர்சாக இருந்தவள்.

இவளுக்கு ஏதோ தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கணத்தில் பயம் முழு உருவத்தோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். உரலும் உலக்கையும் பொறித்த செப்பு. அதைச் சுற்றி அசையாமல் பிடித்திருந்த வெள்ளை நுரை ரப்பர் வளையம். வடு எங்கேயும் தெரியவில்லை.

"என்ன, ஏதாவது சொல்லணுமே லீலண்ட்," என்றார் ஹார்லன். "சொல்றதுதானே சங்கத்து வழக்கம். இல்ல, உங்கப்பா மாதிரி வாயைப் பொத்திக்கப் போறியா?"

"ஹார்லன், இது தேவாலயம்," என்றாள் நோரீன்.

"தேவாலயத்துலதாம்மா உண்மை பேசணும்."

எழுந்து போய்விடலாம். பனி, பாதை மோசம் என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நினைப்பார்கள். சாகும்வரை நினைப்பார்கள்.

"உடைச்சுப் பாத்துரலாம்," என்றார்.

டாயில் பதறிப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "உடைக்கிறதா? சார், உங்களுக்குக் கிறுக்கா? இது ஒண்ணுதான் இருக்கு!"

"இன்னொண்ணு எங்க வீட்ல இருக்கு. அப்பா சாம்பிளுக்குன்னு முதல்ல செஞ்சது. வெளியில யாரும் பாத்ததில்ல. அது உங்களுக்கு."

டாயில் வாயை மூடினார். கண்ணில் பேராசை எட்டிப் பார்த்தது. "அப்போ உள்ள இருக்கிற காசு?"

"உங்களுக்குத்தான் வேணாமே. ஹார்லனுக்குக் குடுங்க."

ஆர்வில்லா அவர் கையைப் பற்றினாள். "வேணாம்ணா. போதும், வீட்டுக்குப் போலாம். என் பேச்சைக் கேளு."

"ஏன் வேணாங்கிற?"

அவள் பிடியை விட்டாள்.

நோரீன் தேவாலயத்துக் கருவிப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயர் கொண்டுவந்தாள். டாயில் தானே உடைப்பதாகச் சொல்லி, பெட்டியைத் துண்டில் சுற்றி ஒரு மூலையைப் பிளேயரால் கவ்வினார். சொந்தப் பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்ப்பவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினார். பிளாஸ்டிக் சடக்கென்று பிளந்தது.

டோக்கனும் வளையமும் துணியில் விழுந்தன. ஹார்லன் டோக்கனை எடுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். விரல் நின்றது.

"இருக்கு," என்றார். "கொழு பட்ட வடு. சின்னப்பையனா இருக்கிறப்போ நூறு தடவை தடவியிருக்கேன். அதேதான். அதே காசுதான்."

வளையத்துக்கு அடியில் வடு ஒளிந்திருந்தது. அவ்வளவுதான். அப்பா திருடவில்லை.

ஹார்லன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். "லீலண்ட், எங்கப்பா சொன்னதை நானும் ஊரெல்லாம் சொன்னேன். உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்ல." வலது கையை நீட்டினார்.

லீலண்டும் கையை நீட்டப் போனார். அப்போதுதான் துணியில் கிடந்த வளையம் கண்ணில் பட்டது.

வாழ்நாளெல்லாம் கோடுகளைப் பார்த்த கண். அப்பா பிளேடால் சுற்றி வெட்டியெடுத்த வட்டம். ஓரிடத்தில் மட்டும் வட்டம் முழுமையாக இல்லை. நகத்துண்டு அளவு ஒரு நாக்கு உள்நோக்கி நீண்டிருந்தது. கை தவறி நின்றதல்ல. இரண்டு ஓரமும் பிளேடால் சீவி, வடுவின் நீளத்துக்குச் சரியாக விடப்பட்டிருந்தது.

அப்பா வடுவைப் பார்த்திருக்கிறார். மறைத்திருக்கிறார். ஆட்கள் தேடி வரட்டும் என்று, மறைத்துத்தான் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார். வளையத்தைத் தூக்கிப் பாருங்கள் என்ற ஒரு வார்த்தை அவரைத் திருட்டுப் பழியிலிருந்து காப்பாற்றியிருக்கும். அதைச் சொன்னால் இந்த மறைப்பும் வெளியே வரும். அதனால்தான் அந்த மௌனம்.

ஹார்லனின் கை இன்னும் நீண்டிருந்தது. வேறு யாரும் வளையத்தைப் பார்க்கவில்லை. அது லீலண்டின் உள்ளங்கைக்குள் அடங்கும். முந்தைய பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று இருந்தது. ஆர்வில்லா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் கீழ போடு ஹார்லன்," என்றார் லீலண்ட். "முதல்ல இதைப் பாரு."

வளையத்தை எடுத்து ஹார்லனின் உள்ளங்கையில் வைத்து, நாக்கை விரலால் காட்டினார். ஹார்லன் டோக்கனை அதனுள் பொருத்தினார். வடு மறைந்தது. எடுத்தார். மறுபடி பொருத்தினார்.

"வடு தெரிஞ்சா நம்பர் ஏறாது," என்றார் மெதுவாக.

"ஏறாது."

"அதான் உங்கப்பா வாயைத் திறக்கலையா?"

"அதான்."

"லேபிளை டைப் அடிச்சது நான்," என்றாள் ஆர்வில்லா. "அறுபத்திநாலா அப்பா, நல்லாப் பாத்தீங்களான்னு கேட்டேன். சொன்னதை அடின்னாரு. அடிச்சேன்."

ஹார்லன் வளையத்தையும் டோக்கனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கையை மறுபடி நீட்டவில்லை. லீலண்டும் எதிர்பார்க்கவில்லை. மேலங்கியை மாட்டி, தங்கைக்குக் கதவைத் திறந்துவிட்டு, நிமிர்ந்தபடியே படியேறினார். மேலே போனதும் கைப்பிடியைப் பிடித்துச் சற்று நின்றார்.

ஓர்லோ எபர்சோல் காசை மாற்றினார் என்றும், அது வெளியே தெரிந்ததும் மகன் அந்த வளையத்தைத் தேவாலயத்துப் பாய்லரில் போட்டு எரித்துவிட்டார் என்றும் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. காசு மாற்றப்படவில்லை. வளையம் எரிக்கப்படவில்லை, அது ஹார்லன் டட்டில் வீட்டில் இருக்கிறது. அதைக் கொடுத்தவர் லீலண்ட் எபர்சோல்.