பத்தாம் வகுப்பு பி பிரிவில் இன்னும் இரண்டு பேர்

"டிசி குடுக்க முடியாதும்மா, நீங்கதான் வகுப்புல—"

"உங்க முன்னால நிக்கிறேனேப்பா, அப்ப இது யாரு?"

"—வகுப்புல இருக்கீங்களே. நேத்துகூட வந்திருக்கீங்க. ஐம்பத்தோரு வருஷமா ஒருநாள் லீவு போடல."

கிளார்க் கிருபாகரன் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தேழாம் எண், தனபாக்கியம். பெயருக்கு நேரே ஒரு நாள் விடாமல் குறி. தனபாக்கியத்துக்கு வயது அறுபத்தாறு.

அந்த மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியை இன்று மாலை நான்கு மணிக்கு இடிக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் அப்போது வகுப்பில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு அஞ்சலட்டை வந்திருந்தது.

"பேர அடிச்சு விட்டுடுங்க."

"கூப்பிடறப்ப பதில் வரலன்னாதான் அடிப்பாங்க. உங்க பேருக்கு தினம் பதில் வருது."

"யாரு சொல்றா?"

"நேரா போய்க் கேளுங்க. எழுபத்துமூணாம் வருஷத்து அறை. ஆனா ஒருத்தராவது 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லணும். போன வாரம் அறுபத்தெட்டுல யாரும் சொல்லல, அந்த வருஷமே போயிடுச்சு. அப்ப படிச்சவங்க எல்லாம் இப்ப கைநாட்டு."

தாழ்வாரம் வருஷத்துக்கு ஓர் அறையாகப் பின்னோக்கிப் போனது. தொண்ணூறுகளில் கூரை ஓடாக மாறியது. எண்பத்தைந்தில் புயலுக்கு ஒதுங்கியவர்கள் இன்னும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

"மழை விட்டுதா?" என்றார் ஒருவர்.

"விட்டுடுச்சு."

அவர் நம்பவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டார்.

வழியிலிருந்த பலகைகளைத் தனபாக்கியம் ஒன்று விடாமல் படித்தாள். அவள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். கப்பலில் போன கணவன் போட்ட நூற்றுப் பத்துக் கடிதங்களில் வாரத்துக்கு ஒன்றை இன்றைக்கும் எடுத்துப் படிக்கிறாள். இந்த வாரத்துக் கடிதம் பையில் இருந்தது.

பி பிரிவில் பெஞ்சுகள் காலி. கடைசி பெஞ்சில் மட்டும் ரெஜினா மேரி உட்கார்ந்திருந்தாள். அதே நீலத் தாவணி, அதே பதினைந்து வயது.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன், என் பேருக்கும் நீயே சொல்லுன்னுட்டுப் போன. இவ்ளோ நேரமாடி?"

"அன்னிக்கே கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்கடி."

"அதுக்கு இவ்ளோ நேரமா?"

தனபாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசை அவள் முட்டியில் இடித்தது.

"இன்னிக்கு என் பேருக்குச் சொல்லாத, ரெஜினா."

"சொல்லல. எனக்கும் அவசரமா வருது. நீ இரு, வந்துடறேன்."

ரெஜினா ஓடினாள். காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தூரம் போகப் போகக் கனத்தது. எண்பதுகளைத் தாண்டும்போது ஓட்டம் நடையானது. கடைசியில் ஒரு வயதான பெண்மணி சுவரைப் பிடித்து நிற்கும் மூச்சு கேட்டது.

டீச்சர் வந்து பதிவேட்டைத் திறந்தார். ஒன்றிலிருந்து கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார்.

"முப்பத்தாறு, ரெஜினா மேரி."

அதையும் அடித்தார்.

தனபாக்கியம் கடிதத்தைப் பிரித்தாள். 'அன்புள்ள பாக்கியத்துக்கு' வரை படிக்க முடிந்தது. அதற்குக் கீழே எல்லாம் வெறும் சுழிகளாக இருந்தன.

வெளியே புல்டோசரைக் கிளப்பினார்கள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"முப்பத்தேழு, தனபாக்கியம்."