மார்லிஸ் வரைந்த எலுமிச்சம்பழம்

என் மனைவி மார்லிஸுக்குப் படம் வரையவே வராது. ஆனாலும் எங்கள் காரின் கதவு நிறைய மஞ்சள் பெயின்டில் ஓர் எலுமிச்சம்பழம் வரைந்தாள். அமெரிக்காவில், எங்கள் டுலூத் ஊரில், ஏமாற்றித் தலையில் கட்டப்பட்ட உதவாக்கரை வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்றுதான் பெயர். கீழே, 'ஹெட் கேஸ்கெட் போச்சு, கம்பெனி கைவிரிச்சிடுச்சு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பிறகு என் பிக்கப் டிரக்கில் கட்டி இழுக்கச் சொல்லி, அதை விற்ற ஷோரூமுக்கு எதிரே தெருவோரம் நிறுத்தினாள்.

கேஸ்கெட் என்பது எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு. அதன் விலை நூறு டாலர்கூட இல்லை. மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டுமாம், மூவாயிரத்து நானூறு டாலராம். வாரன்டி போன மாதம்தான் முடிந்திருந்தது. வயிறு எரியாதா?

எனக்கு எரிந்தது கண்ணும்தான். துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு, தூங்காமல், அவளைப் பக்கத்து ஊரான டூ ஹார்பர்ஸில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சமையலறையில் கொண்டுபோய் விடுவது நான். எப்படியாவது அந்தக் கார் ஓடினால் போதும் என்றிருந்தேன்.

ஒரு வாரத்தில் எங்கள் வண்டிக்குப் பின்னால் இன்னும் ஐந்து வந்து நின்றன. அதே மாடல், அதே வியாதி, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். ரிடையரான தபால்காரர் ஹார்லன் வரைந்தது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை எல்லோரும் காபி குடித்துக்கொண்டு நின்றபோது, ஷோரூம் மேனேஜர் ரோலண்ட் வந்து எங்கள் இருவரை மட்டும் ஓரமாக அழைத்தார்.

"மார்லிஸ், உங்க வண்டிய நாங்க இலவசமா சரிபண்ணித் தர்றோம். படத்த அழிச்சிடுங்க, வெளிய சொல்ல வேண்டாம்."

எனக்கு மனதுக்குள் மேளம் கொட்டியது. மார்லிஸ் ஹார்லனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு வண்டிக்கும் செய்வீங்களா?"

"அது என் கையில இல்லங்க."

"அப்ப என் வண்டியும் உங்க கையில வேணாம்."

ரோலண்ட் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க, ஆர்வின்."

சொல்ல நினைத்தேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தன் ஒரே காரை விட்டுக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்ற அந்த ஐந்தடிப் பெண்ணைப் பார்த்ததும் வேறொன்று வந்தது.

"ஆறுன்னு சொல்லிட்டாளே, காது கேக்கலையா?"

அவர் உள்ளே போனதும், மார்லிஸ் நடந்ததை மற்றவர்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஹார்லன் தன் ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை அவள் கோப்பையில் ஊற்றினார்.

பிக்கப்பில் திரும்பும்போது கேட்டாள், "என்மேல கோவமா?"

"நெறைய. ஆனா ஒன்னு, நான் மார்லிஸோட புருஷன்னு ஊர்பூரா கத்தணும்போல இருக்கு."

"கத்து. ஆனா தூங்கிட்டுக் கத்து," என்றாள். "இறங்கு, நான் ஓட்டுறேன்."