பத்தடி மந்தாரை

ஒரு மரத்துக்குச் சரியான பெயர் கிடைத்த பிறகுதான் அது உண்மையில் வளரத் தொடங்குகிறது என்பது, முப்பத்துநான்கு வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயரின் கொள்கை. அவர் வீட்டு மந்தாரைக்குப் பெயர் கிடைத்த பிறகுதான் வளர வழியில்லாமல் போயிற்று.

விதைப் பொட்டலத்தின் மேல் யாரோ பென்சிலால் 'வெள்ளை மந்தாரை' என்று எழுதியிருந்தார்கள். வெள்ளை மந்தாரை புதர் வகை, பத்தடிக்கு மேல் போகாது என்றது புத்தகம். கன்று முழங்கால் உயரம் வந்ததும் தகட்டில் பெயர் பொறித்து மாட்டினார். மாட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலைகளைக் கவராயத்தால் அளந்து நோட்டில் ஏற்றினார். மூன்றாம் வருடம் செடி பத்தடியைத் தாண்டியது. புத்தகம் பொய் சொல்லாது என்பதால் செடியை வெட்டினார். அதிலிருந்து வருடா வருடம், குளிர் தொடங்கும்போது, அளவு நாடாவோடு ஏணியில் ஏறிப் பத்தடிக்குக் கச்சிதமாகக் கத்தரிப்பார். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்து, அது மேலே போக முடியாத கோபத்தை எல்லாம் பக்கவாட்டில் காட்டியது.

பக்கவாட்டில் இருந்தது அவர் மனைவியின் தையல் அறை ஜன்னல். ஆறு வருடமாக அவள் நண்பகலில் விளக்குப் போட்டுத் தைக்கிறாள். ஊசியில் நூல் கோப்பதற்கு வாசலுக்கு நடக்கிறாள். பூக்கட்டும், பூத்தால் ஊரே வந்து பார்க்கும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, இந்த வருடம் அவள் கெடு வைத்துவிட்டாள். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் மேடம் வந்து பார்க்கட்டும். அரிய வகை என்று மேடம் சொன்னால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். இல்லாவிட்டால் மரம் ஜன்னலை விட்டுப் போக வேண்டும்.

மேடம் வந்த அன்று சர்வேயர் இஸ்திரி போட்ட சட்டையில், நோட்டோடு நின்றார். அந்தப் பெண் நோட்டைப் பார்க்கவில்லை. கிளை நுனிகளைத்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இதை யாரு வெட்டுறது?"

"நானேதான் மேடம். ஆளை விடறதில்ல. குளிர் ஆரம்பிச்சதும் வெட்டிடுவேன்."

பனிக்காலம் முடியும்போது பூக்க வேண்டிய மொட்டுகள் அந்த நுனிகளில்தான் இருக்கும், அதனால்தான் பூக்கவில்லை என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். சர்வேயர் அதை நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு நர்ஸின் தலை தெரிந்தது. துணி உலர்த்த நாற்காலி மேல் ஏறியிருந்தாள்.

"இந்தப் பக்கம் பூக்குதே சார்."

ஆறடி மதிலைத் தாண்டிப் போயிருந்த, ஏணிக்கு எட்டாத ஒரே ஒரு கிளை. நர்ஸ் ஒரு பூவைப் பறித்து நீட்டினாள். ஊதா நிறம். மேடம் இதழை விலக்கி மகரந்தத் தாள்களை எண்ணினாள்: ஐந்து. வெள்ளை மந்தாரைக்குப் பத்து இருக்க வேண்டும். இது சாதாரணச் செம்மந்தாரை, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறதே, அதேதான். முப்பதடிக்கு மேல் போகும்.

"எப்பலேர்ந்து பூக்குது?" என்றார் சர்வேயர்.

"மூணு வருஷமா. நான்தான் பெருக்கித் தள்றேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பேர்ப்பலகை எல்லாம் மாட்டியிருக்கீங்க சார். தெரியாமலா மாட்டுவீங்கன்னு இருந்துட்டேன்."

மனைவி ஜன்னல் என்ன ஆகும் என்று மட்டும் மேடத்திடம் கேட்டாள். வெட்டாமல் விட்டிருந்தால் மரம் எப்போதோ கூரைக்கு மேலே போயிருக்கும், அடிக்கிளைகளைக் கழித்தால் போதும், ஜன்னலுக்கு வெளிச்சம் வந்துவிடும் என்றாள் அந்தப் பெண்.

"அப்ப ஆறு வருஷமா இவரு ஏறி ஏறி வெட்டினதாலதான் எனக்கு இருட்டு."

நர்ஸின் தலை மதிலுக்குக் கீழே இறங்கியது.

மேடத்தை வழியனுப்பிய கையோடு மனைவி ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். இது கலப்பினமாகவும் இருக்கலாம், அதற்கென்று தனிப் புத்தகம் இருக்கிறது என்று அவர் தொடங்கினார்.

"ஏங்க, ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன். மேல கை வெக்காதீங்க, கீழ மட்டும்."

நாடா இல்லாமல் வெட்டியது அன்றைக்குத்தான். நான்காவது கிளை விழுந்ததும் வெயில் நேராகத் தையல் மேசை மேல் போய் விழுந்தது. அவள் ஏணியை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மேலிருந்து அவர் கத்தியது காதில் விழவில்லை. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நடக்காமல், முதல் தடவையிலேயே ஊசியில் நூலைக் கோத்தாள்.

கறுப்பு நூல் என்று அவள் பெட்டியில் போட்டு வைத்திருந்த ஒன்பது கண்டுகளில் நான்கு, வெளிச்சத்தில் பார்த்தால், கருநீலம்.