தொட்ட கை

"போகாத செவ்வந்தி. போனா நாளைக்கு யாரு நம்மள வயல்ல இறங்க விடுவா?"

வாசலை மறித்துக்கொண்டு நின்றான் முருகையன். கோபம் இல்லை, பயம்தான். செவ்வந்தி புருஷனைப் பார்த்தாள். கிழிந்த ரவிக்கையைப் பையில் திணித்துக்கொண்டு, அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு நடந்தாள்.

முந்தின நாள் மத்தியானம் களை பறித்துவிட்டு மோட்டார் கொட்டகையில் கால் கழுவப் போனவளை, நிலத்துக்காரர் மகன் சூர்யபிரகாஷ் உள்ளே இழுத்தான். கையைக் கடித்துவிட்டுத் தப்பி ஓடிவந்தாள். அதற்குப் பிறகு அழுகை வரவில்லை, சோறும் இறங்கவில்லை. உடம்பு வேறு யாருடையதோ போலிருந்தது.

மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அம்மா நிமிராமலே கேட்டார்.

"எங்க இருக்க? ஊர்த்தெருவா, காலனியா?"

"காலனிங்க."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலைங்க."

"அப்பறம் எப்படி எழுதறது? அவங்க பெரிய குடும்பம். நீ ஏன் அங்க தனியாப் போன? அப்படி ஓரமா நில்லு."

சுவரோரம் இரண்டு மணி நேரம் நின்றாள். வாசலில் கார் வந்து நின்றது. சூர்யபிரகாஷின் மனைவி ஈஸ்வரி, தன் அண்ணனோடு இறங்கி வந்தாள். உதடு வீங்கியிருந்தது. எஸ்.ஐ. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"நேத்து சாயங்காலம் அடிச்சுட்டாரு மேடம். கையில பல்லுத் தடம் இருந்துச்சு. யாரோடதுன்னு கேட்டேன், சொன்னாரு. சண்ட போட்டேன்." ஈஸ்வரி வீங்கிய உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "அடிச்சதக்கூடப் பொறுத்துக்குவேன். காலனிக்காரியத் தொட்ட கையால என்னை அடிச்சாரு பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

எஸ்.ஐ. உச்சுக் கொட்டினார். ஏட்டம்மா வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல் வலிக்கும் என்று செவ்வந்தி காத்திருந்தாள். வலிக்கவில்லை. சுவரை விட்டு மேசைக்கு வந்தாள்.

"அவங்க சொன்னத அப்படியே எழுதிக்குங்க மேடம். என்னைத் தொட்டாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

பேனா நின்றது. ஈஸ்வரி அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தன் வயலில் வருஷா வருஷம் நடவு நடுகிறவள்.

"அம்மா, அந்த வரிய மட்டும் எடுத்துடலாமா?" என்று எஸ்.ஐ. ஈஸ்வரியிடம் பணிவாகக் கேட்டார்.

"எடுத்துடுங்க. வெளிய தெரிஞ்சா எங்களுக்குத்தான் கேவலம்," என்றான் அண்ணன்.

செவ்வந்தி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எடுக்காதீங்க," என்றாள்.